உன் வண்டிக்குத் தோல் போட்டாயிற்று

அந்த வாசத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை தம்பி, மற்றதெல்லாம் போகட்டும். கதவைத் திறந்ததும் செருப்புக் கடைக்குள் தலையை நுழைத்ததுபோல ஒரு நெடி. புதுத் தோல், அதற்கடியில் பசை, இரண்டையும் மறைக்கத் தோல் தைத்த மேஸ்திரி அடித்துவிட்ட செண்டு. "ஏறுங்க அத்தை, மொதல்ல நீங்கதான் உக்காரோணும்" என்று உன் மகள் சௌமியா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் முந்தானையை மூக்கில் வைத்தபடி ஏறி உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லை. "ஏசியப் போடு கண்ணு, தலை வலிக்குது" என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்துவிட்டும் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

அவள் ஆபீசுக்குப் போய்விட்டாள். உன் மாமாவிடம் சொன்னால் பேப்பரை இறக்காமல் 'ம்' என்பார். சாமியிடம் சொல்லலாம் என்றால் அங்கேயும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. எனக்குப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

இந்த வண்டியை நீ துடியலூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தால் வண்டி என் இடுப்புக்குக்கூட வரவில்லை. குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்து உன் கைக்கு வந்த வண்டி. செக்கச் செவேல் என்று, இரண்டே கதவு, இரண்டே சீட்டு.

"மிச்சப் பேரெல்லாம் எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"மிச்சப் பேரு பஸ்ஸுல வரட்டுங்க்கா."

"அம்பது வயசுல உனக்கு எதுக்கு இந்த வேகமெல்லாம்?"

"இருவது வயசுல லேத்துப் பட்டறையில நின்னனுங்க. அப்ப யாருங்க்கா வாங்கிக் குடுத்தாங்க?"

சௌமியா பத்தாவது படிக்கும்போது உன் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நீ உனக்கென்று வாங்கியது இது ஒன்றுதான்.

அதில் ஏறுவதற்கு நீ எனக்குப் பாடம் எடுத்தாய். முதலில் உட்கார வேண்டும், பிறகு காலை உள்ளே இழுக்க வேண்டும். நான் காலை முதலில் வைப்பேன், புடவை கதவில் சிக்கும், நீ இறங்கிச் சுற்றி வந்து எடுத்துவிடுவாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அன்னூர் தாண்டி நம் அம்மன் கோயிலுக்கு. வேகத்தடை வந்தால் அடி உரசும் என்று கோணலாக ஏற்றுவாய். பின்னால் வருகிற லாரிக்காரன் திட்டுவான். பறக்கிற வண்டியை நீ நாற்பதிலேயே ஓட்டுவாய், என் மடியில் தேங்காய்த் தட்டு இருக்கும் என்பதால்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் டீ குடிக்கும்போது, போனில் ஒரு படம் காட்டினாய். இதே மாதிரி வண்டி, உள்ளே முழுவதும் கறுப்புத் தோல், சிவப்பு நூலில் தையல். சீட்டு, கதவின் உள்பக்கம், ஸ்டியரிங், கியர் கம்பியின் உறைகூடத் தோல். கம்பெனியில் வந்த சாம்பல் துணியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுவிடலாம், எல்லாம் தைத்த செட்டாகவே கிடைக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவள்போல உன் விரல் ஒவ்வொரு படமாகத் தள்ளியது.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "கோயிலுக்குப் போற வண்டியில மாட்டுத்தோலா? அப்புறம் நான் ஏறமாட்டேன் பாத்துக்க" என்றேன்.

"உங்க கையில இருக்கற பர்சு எதுலீங்க்கா செஞ்சது?"

"இது ரெக்சினு."

"காலுல?"

"ரப்பரு. கோயில் வாசல்லயே கழட்டிப்போட்டேன், போய்ப் பாரு."

நீ சிரித்துவிட்டு, "செரி உடுங்க்கா" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூன்று வருஷம் நீ அதை எடுக்கவே இல்லை. நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சாம்பல் துணிச் சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து வந்தேன்.

பிறகு அந்த நாள். பட்டப்பகல். அன்னூர்ப் பக்கம் ஒரு பார்ட்டியைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாய். நெஞ்சில் வலி வந்திருக்கிறது. வண்டியை ரோட்டைவிட்டு ஓரம் கட்டி, நாலு பக்கமும் விளக்குச் சிமிட்ட விட்டு, எஞ்சினை அணைத்து, பெல்ட்டையும் கழற்றி வைத்திருந்தாய். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். போகிற வருகிறவர்கள் யாரோ போன் பேசுகிறார் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். நீ போன் எடுக்கவில்லை என்று தேடிக்கொண்டு போன சௌமியாதான் முதலில் உன்னைக் கண்டாள். அவள் அங்கே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவளாகவும் ரொம்ப நாள் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வண்டியை என் வீட்டுப் போர்ட்டிகோவில் கொண்டுவந்து நிறுத்தி உறை போட்டார்கள். சௌமியாவும் எங்களோடு வந்துவிட்டாள். அவள் ஆபீசுக்கு ஸ்கூட்டரில்தான் போவாள், வண்டிப் பக்கம் திரும்பமாட்டாள். நான் தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, உறையை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, என் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்ச நேரம் ஜபமாலை உருட்டுவேன். பாதியில் நின்றுபோகும், உன்னிடம் பேச ஆரம்பித்துவிடுவேன். யார் வீட்டில் விசேஷம், யார் வந்து கேட்டார்கள், உன் மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, எல்லாம்.

நீ ஓட்டுகிற சீட்டில், கதவோரமாக, தொடையை அணைக்கிற மேடு ஒன்று உண்டல்லவா? அங்கே உள்ளங்கை அகலத்துக்குத் துணி தேய்ந்து, நூல் பிரிந்து, உள்ளே இருந்த மஞ்சள் பஞ்சு தெரியும். நீ இறங்கும்போது அதன்மேல்தான் நகர்ந்து, கையை ஊன்றி எழுந்திருப்பாய். நான் கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு பேசுவேன். யோசித்துப் பார், சாம்பலைப் பவானியில் விட்டாயிற்று. சட்டை வேட்டியெல்லாம் உன் பட்டறையில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. போட்டோவில் இருப்பது போட்டோக்காரன் செய்த வேலை. உன் உடம்பு செய்த வேலை என்று மிச்சம் இருந்தது அந்தத் தேய்ந்த இடம் ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போது, வருஷத் திதி கழிந்த மறுவாரம், சௌமியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, வண்டிய உள்ளார பூரா மாத்தலாம்னு இருக்கறனுங்க. சீட்டு, டோரு, ஸ்டியரிங்கு எல்லாம். அப்பா ஆசப்பட்டாங்கல்ல, அதே கறுப்பு, செவப்புத் தையலு. செட்டு வெளிநாட்டுல இருந்து சொல்லிப்போட்டேன்."

எனக்கு அந்தத் தேய்ந்த இடம்தான் கண்முன் வந்தது. மாட்டுத்தோலைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை, நம்புவாயா? "செரி கண்ணு, பண்ணிக்க. ஓட்டற சீட்டை மட்டும் தொடாத உட்டுரு" என்றேன்.

அவள் கைநகத்தைச் சுரண்டினாள். "பாக்கலாமுங்க அத்தை" என்றாள்.

இதுதான் எனக்கு ஆத்திரம். நம் வீட்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொன்னதே கிடையாது. 'பாக்கலாமுங்க' என்போம், 'ஆகட்டுங்க' என்போம், 'செரி உடுங்க' என்போம். அப்பா அப்படி, நீ அப்படி, இவளும் அப்படி. நானும்தான் அப்படி. மாற்றக்கூடாது, அது என் தம்பி உயிர் விட்ட இடம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். "உன்ற சவுரியம் அம்மணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

வேலை செய்தது கணபதி ஸ்டாப்பில் கடை வைத்திருக்கிற அந்தோணி மேஸ்திரி. தகர ஷெட்டு, உள்ளே மாதா படம், அதற்கு ஒரு சின்ன விளக்கு, சுற்றிலும் தோலில்லாத சீட்டுகள் எலும்பு எலும்பாக நிற்கின்றன. ஒரு மாசத்தில் தருகிறேன் என்றவர் நான் போகும்போதெல்லாம் "ஆயிருமுங்கம்மா" என்றார். நான் வாரம் இரண்டு தடவை போனேன். சௌமியாவுக்குத் தெரியாமல்தான். என் கண் அந்தச் சீட்டின் மேலேயே இருந்தது. அதை இன்னும் அவிழ்க்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

"ஏனுங் மேஸ்திரி, என்னதாங்க தாமசம்?"

"செட்டு வந்துருச்சுங்கம்மா. ஆனா அது ஸ்டியரிங்கு எடது பக்கம் இருக்கற ஊருக்குத் தெச்சதுங்க. கண்ணாடி எறக்கற சுச்சுக்கு ஓட்டை அந்தக் கதவுல இருக்குது பாருங்க."

"மாத்தி மாட்டிருங்க."

"வலது கால் செருப்ப எடது கால்ல போடறாப்பல ஆயிருமுங்க. கதவு ரெண்டும் நானே புதுசாத் தெக்கோணும். சீட்டு பரவாயில்லீங்க, ஆனா அதுலயும் ஓரத்துல காத்துப்பை இருக்குது. வண்டி மோதுச்சுன்னா அது தையலப் பிரிச்சுக்கிட்டு வெளிய வரோணும். அதுக்குன்னு மெல்லுசா ஒரு நூலு, தனித் தையலு. அவசரப்பட்டாப் பொழப்பு போயிருமுங்க."

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்பட முடியாமல் போவது இன்னொரு ஆத்திரம்.

அவர்தான் அன்றைக்கு அந்தச் செய்தியைச் சொன்னார். நீ அங்கே போயிருக்கிறாய். டீக்கடையில் எனக்குப் படம் காட்டிய அடுத்த வாரமே.

"சாரு இதே ஸ்டூல்ல உக்காந்து எல்லாம் பாத்தாருங்க. எங்க அக்கா உக்காருற சீட்டுக்கு மட்டும் தோலு வேண்டாம், அதே மாதிரி தெரியற ரெக்சினு போட்டுத் தர முடியுமான்னு கேட்டாரு. அப்ப வந்த சரக்கு அவ்வளவு ஒழுங்கில்லீங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரியுமுங்க சார்ன்னேன். தெரிஞ்சா அக்காளுக்குச் சங்கடமாப் போயிரும், வேண்டாம் உடுங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

நான் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். ஏன் தம்பி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை வந்திருக்கும், தட்டை எடுத்துக்கொண்டு ஏறியிருப்பேன். உனக்கு என்னைத் தெரியாதா? அந்த மூன்று வருஷமும் நீ ஆசைப்பட்ட சீட்டில் உட்கார்ந்து ஓட்டியிருப்பாய். கடைசி நாளிலும்.

"இப்ப நல்ல சரக்கு வருதுங்கம்மா" என்றார் மேஸ்திரி. "உங்க சீட்டுக்கு ரெக்சினுதான் போடறேன். பாப்பா சொல்லிருச்சு. தொட்டுப் பாத்தாக்கூட எனக்கே சித்தெ யோசிக்கோணும்."

அதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

வண்டி ஷெட்டிலேயே இருந்ததால் எனக்கு மத்தியானம் பேச இடமில்லாமல் போயிற்று. இப்படியே விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று, அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நம் குடும்பத்தில் கிணறு வெட்டக் கேட்டோம், சம்பந்தம் பேசக் கேட்டோம், நீ பட்டறை போடக் கேட்டோம். கார் சீட்டுக்குக் கேட்டது நான்தான் முதல் ஆளாக இருப்பேன். சௌமியாவிடம், "கோயிலுக்குப் போலாம் வா கண்ணு, ஒரு உத்தரவு கேக்கோணும்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பூசாரி வெள்ளை அரளியில் ஒன்று, சிவப்பு அரளியில் ஒன்று, இரண்டு பொட்டலம் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. தாயே, அந்தச் சீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று மனசுக்குள் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தார். வெள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"நானும் ஒன்னு கேட்டுக்கறனுங்க" என்றாள் சௌமியா. வேலை விஷயமாக இருக்கும், இல்லையென்றால் மாப்பிள்ளை விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். பூசாரி மறுபடியும் கட்டிப் போட்டார். அவளும் எடுத்தாள். அவளுக்கும் வெள்ளை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. "அம்மனே சொல்லிப்போட்டா கண்ணு. இனி நாம பேச ஒன்னுமில்ல" என்றேன்.

"ஆமாங்க அத்தை. எனக்குந்தான் சொல்லிருச்சு."

"நீ என்ன கேட்ட?"

"அப்பா சீட்டை மாத்திப்போடலாமான்னு கேட்டனுங்க."

நான் விறுவிறுவென்று உள்ளே போனேன். நடை சாத்தப்போன பூசாரியை நிறுத்தி நியாயம் கேட்டேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங், ரெண்டு பேரும் மொதல்ல ஊட்டுல பேசி, ஒன்னா ஒரு கேள்வி கொண்டாந்திருக்கோணுமுங்க. இப்பிடித் தனித்தனியா, மனசுக்குள்ளார கேட்டா அவ என்ன பண்ணுவா? ரெண்டு புள்ளைகளும் அழுகாத போகட்டும்னு குடுத்துட்டா."

"மறுக்கா ஒருதடவ போடுங்க."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கற பழக்கம் இங்க இல்லீங்க" என்று சாவியைத் திருப்பினார்.

எனக்கு அம்மன் மேலேயே கோபம். நாற்பது வருஷமாக விளக்குப் போடுகிறேன், எனக்கு ஒன்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் அவளுக்கும் தலையாட்டினால் என்ன அர்த்தம்? மனத்தாங்கல் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

திரும்பி வந்தபோது சௌமியா மரத்தடியில் அப்படியே நின்றாள். அழவில்லை. கீழே பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அத்தை, நான் அதுல நாலு தடவ உக்காந்து பாத்தனுங்க. உங்களுக்குத் தெரியாது. உக்காந்தா அப்பா மேலயே உக்காந்த மாதிரி இருக்குதுங்க. நான் போறப்ப அவங்க அப்பிடியே சாஞ்சிருந்தாங்க. கழட்டி உட்டிருந்த பெல்ட்டு வெயில்ல சூடா இருந்துச்சு. அந்தச் சீட்டு அப்பிடியே இருந்தா என்னால ஓட்ட முடியாதுங்க. ஓட்ட முடியலைன்னா வித்துப்போடறதுதான்."

"வித்துப்போடறதா?"

"நிறுத்தி வெச்சுத் துருப்பிடிக்க உடறதுக்கு அப்பா வாங்கலீங்களே."

நான் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்த இடம் இந்தப் பிள்ளைக்குத் தொட முடியாத இடமாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே தட்டத்தில் முறுக்கு தின்றுகொண்டு, ஒரு வருஷமாக இது எனக்குத் தெரியவில்லை. அவள் விற்றுவிட்டால் சீட்டும் போகும், வண்டியும் போகும். விற்காமல் நிறுத்தினால் நான் ஒரு ஆள் மட்டும் உள்ளே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

"செரி" என்றேன். இந்தத் தடவை அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

அந்தோணி மேஸ்திரியிடம் போய் நடந்ததைச் சொன்னோம். சிரிக்காமல் கேட்டார்.

"உங்க மாதாகிட்ட இப்பிடிப் பூ கேப்பீங்களா மேஸ்திரி?"

"எங்களுக்கு அந்த வசதி இல்லீங்கம்மா. வேண்டிக்கறதோட சரி, முடிவு நாங்களேதான் பண்ணிக்கோணும்" என்றார். பிறகு சீட்டின் ஓரத்துத் தையலைத் தடவிப் பார்த்து, "பழைய சீட்டு உறைய அறுக்காம, தையலப் பிரிச்சு முழுசாக் கழட்டிக் குடுத்தர்றேன். சீட்டும் மாறுன மாதிரி ஆச்சு, உங்ககிட்டயும் இருக்கும். ரெண்டு வெள்ளைப் பூவுக்கும் கணக்குச் செரியாப் போச்சுங்களா?" என்றார்.

ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிளேடு முனையால் ஒவ்வொரு நூலாக எடுத்தார். பஞ்சின் ஓரம் அமுங்கிப்போனதால் அதையும் வெட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்றார். வெட்டி எடுத்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ உட்கார்ந்தது உறையிலா, பஞ்சிலா என்று எனக்குத் தெரியவில்லை. என் சீட்டைத் தூக்கியபோது அடியிலிருந்து காய்ந்த துளசி, தேங்காய் நார், குங்குமம், விபூதி, கல்கண்டு, எறும்பு எல்லாம் வந்தன. "அம்மா, உங்க சீட்டுக்கு அடியில ஒரு கோயிலே இருக்குதுங்க" என்றார். சௌமியா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிமேல் இதெல்லாம் முடியாதாம். தோலின்மேல் மஞ்சள் தண்ணீர் படக்கூடாது, விபூதி கோடு கோடாக நிற்கும், ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்கில் சந்தனம் வைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது. கைக்குழந்தையை ஒப்படைக்கிறதுபோல ஒரு சீசாவில் எண்ணெய் மாதிரி எதையோ கொடுத்து, மாசம் ஒரு தடவை தடவச் சொன்னார். சாமிக்குப் போகிற வண்டியில் சாமி சமாசாரம் எதையும் வைக்கக்கூடாது என்றால் அது என்ன வண்டி? என் சீட்டில் மட்டும் தூவிக்கொள்ளலாமாம், ரெக்சின் என்பதால். அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த வண்டிதான் இன்று காலை வந்து நின்றது. நீ போனில் காட்டிய படம் அப்படியே. சிவப்பு நூல் ஒரு இழைகூடக் கோணவில்லை. சௌமியா ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள், பின்னால் சாய்ந்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பழக்கத்தில் என் கையை அவளைத் தாண்டி அந்த ஓரத்துக்கு நீட்டினேன். மெத்தென்று, குளுகுளுவென்று, பழுதே இல்லாமல் இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். தலை வலிக்கிறது என்று சொன்னது அப்போதுதான்.

பழைய உறை என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. அவள் போனதும் எடுத்துக் கட்டிலில் விரித்தேன். விரித்தால் அது வெறும் துணி, தம்பி. கையும் இல்லை, முதுகும் இல்லை, தோலுரித்த ஆட்டைப்போலப் பப்பரப்பா என்று கிடக்கிறது. அந்தத் தேய்ந்த இடத்தில் மட்டும் உள்ளங்கையை வைத்தால் கொஞ்சம் நிம்மதி வருகிறது. பஞ்சுத் துண்டை அதற்கடியில் கொடுத்துப் பார்த்தேன், ஓரளவு மேடாக வந்தது. இப்போதும் ஒரு கை அதன்மேல்தான் இருக்கிறது, மறுகையால் எழுதுகிறேன். நான் போகும்போது இதையும் என்னோடு வைத்துவிட வேண்டும் என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் சௌமியா வந்ததும், வண்டி நன்றாக இருக்கிறது கண்ணு என்று சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவளே ஓட்டட்டும். நான் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். புடவை சிக்கினால் அவள் இறங்கி வந்து எடுத்துவிடுவாள்.

எழுதிக்கொண்டே இந்த இடத்தைத் தடவும்போது, இப்போதுதான், இந்த நிமிஷம்தான், ஒன்று ஞாபகம் வருகிறது. நீ வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு, நான் எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்ந்ததும், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தைக் காட்டினாய். உள்ளங்கை அகலத்துக்குத் துணி போய், மஞ்சள் பஞ்சு தெரிந்தது. "வாங்கறப்பவே இப்பிடித்தானுங்க்கா. அந்த எஸ்டேட்காரருக்கு நல்ல பெரிய ஒடம்பு, ஏறி எறங்கியே தேச்சுப்போட்டாரு" என்றாய்.